அழுதால் மட்டும்தான் உணர்ச்சியா?

எலப்புள்ளியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இன்று குணநலப் பயிற்சி. ஆளாளுக்கு ஒரு டைப் என்று பிரித்தார்கள்.

"நீங்க உணர்ச்சி டைப்புங்க. சூப்பர்வைசர் வேலை சரிப்பட்டு வராதுங்க" என்றார் பயிற்சியாளர்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

மேனேஜர் சிரித்தார். "மெஷின்ல முருகேசன் கை மாட்டுன அன்னைக்கு அழுதீங்களே!"

அழுதேன்தான். அழுதுகொண்டே ஓடிப்போய் மெஷினை நிறுத்தியதும் நான்தான். இந்த மேனேஜர் ஹெல்மெட்டை விட்டெறிந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். இன்று இவருக்குக் கிடைத்த டைப்: 'நிதானமாகச் சிந்திப்பவர்'.

"ஏனுங்க, கோவம் உணர்ச்சியில சேராதுங்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, இதைத்தான் சொன்னேன்" என்றார் பயிற்சியாளர்.

சூப்பர்வைசர் வேலைக்கான பெயர்ப் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

உங்கள் ஆபீசில் கத்துகிறவர்களுக்கு என்ன டைப் கொடுத்திருக்கிறார்கள்?