என் கட்டுரையைத் திருடிய மகளிர் பெட்டி

சென்ற ஆண்டு ஆவணி மாதம், நான் வசிக்கும் விம்கோ நகரில் தொடங்கியது இது. அப்போது என் மனைவி காலமாகிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த அவர், இருபத்தாறு ஆண்டுகள் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் போய்வந்தவர். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

அவர் நினைவாக முகநூலில் ஒரு கட்டுரை எழுதினேன். மாலை ரயிலில் கண்ணை மூடியிருந்தாலும் எந்த நிலையம் என்று மூக்கு சொல்லிவிடும்: ராயபுரத்தில் மீன், கொருக்குப்பேட்டையில் நனைந்த சாக்கு, தண்டையார்பேட்டையில் பெட்ரோல். ‘விம்கோ நகரில் மட்டும் ஒரு வாசனையும் தெரிவதில்லை, வீடு வந்ததும் மூக்கும் வேலை முடிந்து இறங்கிவிடுகிறது போலும்’ என்று முடித்திருந்தேன். பழைய மாணவர்கள் பலர் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, துக்கத்தின் நடுவிலும் அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது. அவருக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறெதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ரயிலில் போய்வரும் பெண்கள் நடத்தும் ஒரு பக்கத்தில் அதே வாசனைகள், அதே வரிசை, அதே கடைசி வரி. பேச்சுத் தமிழில் இருந்தது. என் பெயர் இல்லை. யார் பெயரும் இல்லை. ‘இது அப்பட்டமான எழுத்துத் திருட்டு. நீக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்’ என்று எல்லோரும் காணும்படி அதன் கீழேயே எழுதினேன்.

மறுநாள் காலை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். “இன்னா சார், எங்களத் திருடினு எழுதிக்கீறீங்க? திருவொற்றியூர் ஸ்டேஷனாண்ட ஒரு தபா வந்து பாத்துட்டு, அப்பால போலீசுக்குப் போங்க” என்றார். என் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை.

நடைமேடையில் இருவர் நின்றிருந்தார்கள். அழைத்தவர் தம் கைப்பேசியை நீட்டினார். அவர்களுடைய வாட்ஸ்அப் குழு. “இது யாரு நம்பர்னு பாருங்க சார்.”

என் மனைவியின் எண். அவருடைய படம். கட்டுரை முழுவதும் அங்கே இருந்தது. அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அனுப்பியது.

“அக்கா வண்டில வந்துகினே டைப் பண்ணும் சார். இது மாதிரி நெறைய கீது. அது நெனப்பாத்தான் போட்டோம்.”

“பெயர் ஏன் போடவில்லை?”

“போடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. ‘எங்க வூட்டுக்காரரு கண்ணுல பட்டா செவப்புப் பேனாவோட வந்துருவாரு’ன்னு சொல்லிச் சிரிக்கும்.”

உடன் நின்றவர் விடவில்லை. “வாத்தியாரே பாத்து எழுதிட்டு, நம்மள பிட்டு அடிச்சோம்ன்றாரு பாரேன்!”

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘எங்க ட்ரெயின்ல ஒருத்தி எழுதினது’ என்று அவர் இதை வாசித்துக் காட்டினார். நான் நிமிராமலே, “பரவாயில்லை. அந்தக் கடைசி வரி மட்டும் தேவையில்லை” என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். பின்னர் அந்த மாலையை நான் அடியோடு மறந்தேன். எழுத உட்கார்ந்தபோது அவருடைய சொற்கள் என் சொந்த நினைவைப் போலவே வந்து நின்றன.

அந்தப் பெண்களிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். என் கட்டுரையை நீக்கி, நடந்ததை முகநூலில் எழுதினேன். மற்றப் பதிவுகளையும் அவர்கள் எனக்கு அனுப்பினார்கள். நாளுக்கு ஒன்று என்றுதான் வாசிக்கிறேன்; சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது. அவர் எழுதுவார் என்பது ஒரு ரயில் பெட்டிக்கே தெரிந்திருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.