இறங்கச் சொல்லாமல் இறங்கியவர்கள்

பனிக்காலத்து ரொறன்ரோவில் வெயில் பட்டுக் கறுத்தவனுக்குத்தான் மதிப்பு. தொழிற்சாலையில் என்னோடு மெசினில் நிற்கும் பிறையன், ஒரு கிழமை மெக்சிகோவில் கிடந்துவிட்டு வந்தால், சட்டைக்கையை மடித்துத் தன் கையை என் கையோடு வைத்துப் பார்ப்பான். "இன்னும் நாலு நாள் நின்றிருந்தால் உன்னைப் பிடித்திருப்பேன்" என்பான். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள், நாங்கள் பவுடர் பூசி மறைத்த நிறத்தை இவர்கள் பிளேன் ஏறிப் போய் வாங்கி வருகிறார்கள்.

போன மாசியில் நானும் மனைவி வசந்தியும் மெக்சிகோவுக்குப் போனோம். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் செல்வமண்ணை புத்தி சொல்லித்தான் அனுப்பினார்: "சாப்பாடும் குடியும் உள்ளுக்கை கிடக்கு. கேற்றுக்கு வெளியிலை உனக்கென்ன அலுவல்? சும்மா கிட."

ஹோட்டலுக்கு உள்ளே எல்லாம் இருந்தது. கையில் ஒரு மஞ்சள் பட்டி கட்டிவிட்டார்கள். அதைக் கண்டால் கேட்டது வரும். ஆனால் சனம் இல்லை. வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. அந்த நாட்டு மனிதர்கள் எப்படிக் கோபிப்பார்கள், எப்படி விலை பேசுவார்கள் என்று அறிய வழியில்லை. மூன்றாம் நாள் வசந்தி, "உந்த மதிலுக்கை கிடக்க எனக்கு விசராக்குது. சந்தைக்குப் போவம், எழும்புங்கோ" என்றாள். பட்டியைக் கண்டால் விலையைக் கூட்டுவார்கள் என்று இருவரும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டோம். பாஸ்போட்டுகள் ஹோட்டல் பெட்டகத்தில் கிடந்தன.

சந்தையில் மிளகாய் விற்ற மனுசி வசந்தியைத் தன் ஊர்ப் பெண்ணாகவே எடுத்துக்கொண்டு ஸ்பானிஷில் நீளமாக ஏதோ முறையிட்டாள். வசந்தி ஆங்கிலத்தில் பதில் சொல்ல, பெருமைக்காரி என்று நினைத்தாளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கனடாவிலை ஒருத்தரும் என்னோடை இவ்வளவு உரிமையாய்க் கோவிச்சதில்லை" என்று வசந்தி சிரித்தாள்.

பஸ்ஸில் ஹோட்டலுக்குத் திரும்பி வரும்போது, வீடு வாசல் இல்லாத ஒரு வெளியில் மண்மூட்டைகள். துவக்கோடு ஆமிக்காரர். பஸ் நின்றது. வாசலில் நின்ற ஆமிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைத் தூக்கினான். அதற்குள் நாங்கள் இருவரும் இறங்கி, ரோட்டோரம் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டோம். சண்டைக்காலத்தில் ஊரில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றியைக் கண்டால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து கடந்து, அங்காலே போய் ஏறித்தான் எங்களுக்குப் பழக்கம். திரும்பிப் பார்த்தேன். வேறு ஒருவரும் இறங்கவில்லை.

ஆமிக்காரனுடைய கை பாதியில் நின்றது. "கனடா" என்றேன். என் முகத்தைப் பார்த்தான், நம்பவில்லை. "பாஸ்போட்" என்றான். தெற்கு எல்லையால் களவாக வருகிறவர்களைத் தேடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாரதி எஞ்சினை முறுக்கினான். வசந்தி பாய்ந்து பஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளில் வவுனியாச் சென்றியில் அவளுடைய அண்ணனை இறக்கி வைத்துக்கொண்டு, அவள் இருந்த பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

"பஸ்ஸை விடாதேங்கோப்பா, பஸ்ஸை விடாதேங்கோ."

நான் சட்டைக்கையை மேலே இழுத்தேன். பட்டியைக் கண்டதும் அவன் சிரித்தான். தோளில் தட்டி எங்களை ஏற்றிவிட்டு, பஸ்ஸில் களவாக வந்தவர் யாரும் இருப்பாரோ என்ற சந்தேகத்தில் தானும் பின்னால் ஏறினான். கடைசிச் சீற்றில் மடியில் பையோடு இருந்த ஒருவனிடம் ஏதோ கேட்டான். என் வயது, என் நிறம். அவனை இறக்கினார்கள். பஸ் எடுத்தது.

"நாங்கள் இறங்காட்டி அவன் உள்ளுக்கு ஏறியிருக்கமாட்டான்" என்றாள் வசந்தி. எழும்பி நின்று, "நிப்பாட்டச் சொல்லுங்கோ."

ஆங்கிலத்தில் சொன்னேன். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு றேடியோவைக் கூட்டினான்.

ஹோட்டல் காவலாளி கேற்றைத் திறந்து, "வெல்கம் ஹோம்" என்றான். உள்ளே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. வசந்தி உள்ளே வரவில்லை. வந்த பாதையைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த பஸ் வந்தது. வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் இறங்கினார்கள், மடியில் பையோடு இருந்தவன் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

"நீங்கள் போங்கோ. நான் அடுத்ததையும் பாத்திட்டு வாறன்."

நான் போகவில்லை. காவலாளி திறந்த கேற்றைப் பிடித்தபடி, நாங்கள் வருவோமா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.