ஆஸ்பத்திரிக் கூடை

அன்றைக்கு ஆஸ்பத்திரியாக இருந்த அந்த ஓலைக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர்: மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி வரும் டாக்டரம்மா, சாந்தோம் ரெஜினா சிஸ்டர், படகுக்காரர் ஏழுமலை மாமா, என் அம்மா கன்னியம்மா, காலில் கெளுத்தி முள் ஏறிப் பெஞ்சில் படுத்திருந்த நான். டெட்டால் நெடியும் ஈரக் கூடையின் கவிச்சியும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. ஒரு வாரமாக இந்த ஐந்து பெயரையும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

பாலவாக்கம் குப்பத்தில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. கரைக்கு வரும் எந்தப் படகானாலும் பங்கு பிரிப்பதற்கு முன்னால் இரண்டு கை மீனை அள்ளி "ஆஸ்பத்திரிக் கூடை"யில் போட்டுவிட வேண்டும். அந்தக் கூடையை ஏலம் விடுவது என் அம்மா. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிவிட்டு, மூன்றாவது தரம் சொல்லாமல் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். "இன்னா, காய்ச்சல்னா மட்டும் ஓடியாறீங்க, இப்ப வாய் ஒட்டிக்கிச்சா?" என்பாள், சிரிப்போடு விலையும் ஏறும். அந்தக் காசில்தான் ஓலை போய் ஷீட் வந்தது, பிரசவ அறை வந்தது, குப்பமே வரிசையில் நின்று வேடிக்கை பார்த்த ஈசிஜி மிஷின் வந்தது. ராத்திரி பகல் எந்த நேரத்தில் போனாலும் யாரும் முதலில் காசு கேட்டதில்லை.

நான் முள் குத்திப் படுத்திருந்த அன்று அம்மா ஏலப் பணத்தை ஈரத்துணியோடு மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா ஒரு கணக்கு நோட்டை எடுத்து நீட்டினார்.

"கன்னியம்மா, யார் யார் எவ்வளவு குடுத்தான்னு இதுல எழுதி வெச்சுக்கோங்கோ. எனக்கப்புறம் வர்றவா கேப்பா."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா டாக்டரம்மா, நம்ம வூட்டுல சோறு துன்னுட்டு யாராவது கணக்கு எழுதுவாங்களா?"

"டாக்டரம்மா மீன் துன்றதில்ல, அதான் மீனைப் பாத்தா பயம்" என்றார் ஏழுமலை மாமா. ரெஜினா சிஸ்டர் சிரித்ததில் என் காலில் சுற்றிக்கொண்டிருந்த கட்டு அவிழ்ந்துபோனது. நோட்டு மேஜைக்குள் திரும்பிப் போயிற்று. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் அப்போதே எனக்கு எழுதத் தெரியும். வலியை மறந்து எழுந்து உட்கார்ந்து அதை வாங்கி எழுதியிருக்கலாம்.

டாக்டரம்மா காலமான பிறகு ஆஸ்பத்திரி கை மாறியது. நான்கு மாடி எழுந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, ஸ்கேன் வந்தது. கூடையை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. நாற்றம் அடிக்கிறது, வெளியே வை என்று வாட்ச்மேன்தான் சொன்னார். அதோடு நின்றது. பிறகு குப்பத்தைக் காலி செய்து எங்களையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் அம்மா குளியலறையில் விழுந்தாள். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. நாக்கு குழற, "நம்ம ஆஸ்பத்திரி கீதே, அங்க இட்டுனு போ" என்றாள். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் நான், அந்த ஒருநாள் மட்டும் என் பயத்தின் பேச்சைக் கேட்காமல் விட்டேன்.

கவுன்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளைதான். கூடைக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தேடிக்கூடப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் காட்டலியே ஆன்ட்டி. அந்தப் பணத்தை இங்க குடுத்தப்ப கூட இருந்து பாத்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா, பில்லைக் குறைக்கச் சொல்லி மேனேஜர் கிட்ட கேட்டுப் பாக்கறேன்."

யார் எழுதிக் கொடுப்பார்கள்? டாக்டரம்மா இல்லை. ஏழுமலை மாமா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ரெஜினா சிஸ்டரைத் தேடி சாந்தோமில் தெருத்தெருவாக அலைந்தேன்; அவரை அடக்கம் செய்தே வருஷங்கள் ஆகிவிட்டன என்றார்கள். மிச்சம் நானும் அம்மாவும்.

அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. அந்த ஏலக் கூவல் மட்டும்தான் வருகிறது. மூன்றாவது மாடிக் கட்டிலில் கிடந்தபடி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்கிறாள். பிறகு நிறுத்தி, சுற்றி நிற்கும் நர்ஸுகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். என்ன எண்ணுகிறார் என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்றாவது தரத்தைச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாளைக் காலைக்குள் பணம் கட்டாவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவோம், வேறு இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழிப் பயணத்தை அம்மா உடம்பு தாங்காது என்றும் அவர்களே சொல்கிறார்கள். தோடு விற்றுக் கட்டியது போக, கன்னியம்மா பெயரில் நிற்கும் பாக்கி எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.