பாண் வாங்கப் போன மூன்று மைல்

கடல் கடந்தவர்களும் மலை ஏறியவர்களும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ரொறன்ரோவில் பார்க்டேலில் இருந்து கென்சிங்டன் சந்தைக்குப் போய்வந்த கதை. தூரம் மூன்று மைல். 1974ஆம் ஆண்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த நாட்டில் நான் போன பயணங்களில் நெடும்பயணம் அதுதான்.

என் மனைவி தவமணி யாழ்ப்பாணத்தில் தமிழ் ரீச்சர். அப்போது அவள் இங்கே வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகியிருந்தது. வந்த புதிதில் ஒரு கடையில் காசு வாங்கும் பெண் இவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு மூன்று தரம் "என்ன?" என்றுவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அன்றோடு தவமணி வெளியில் வாய் திறப்பதை விட்டுவிட்டாள். வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கியவள், வாசல் மணி அடித்தால் அடுப்படிக் குசினிக்குள் போய் நின்றுகொள்வாள். "சித்திரை வருசத்துக்கு முதல் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கோ" என்று முடிவாகச் சொல்லியிருந்தாள். தனியாகப் போவாளா, நானும் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போவதா என்பதை மட்டும் நாங்கள் இருவரும் பேசவில்லை.

அன்று காலைச் சாப்பாட்டின்போது மேல்மாடியில் குடியிருந்த மதுரைக்காரர் வந்தார். பொறியியல் படிக்க வந்தவர், நல்ல மனிதர். தவமணி "கதிரையிலை இருங்கோ" என்றாள். அவர் கதவடியிலேயே காத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்கிறாள் என்று நான் விளக்கியதும், "நாற்காலின்னு சொன்னா புரிஞ்சிருக்குமே. கதிரைங்கிறது தமிழே இல்லையே சார்" என்று சிரித்தார். அவ்வளவுதான். அவள் முகம் கறுத்துவிட்டது. பேச்சை மாற்ற எண்ணி, மேசையில் இருந்த சதுர ரொட்டிப் பாணைக் காட்டி "இது பஞ்சு மாதிரி இருக்கிறது" என்றேன். கென்சிங்டன் சந்தையில் முறுகின பாண் கிடைக்கும், குவீன் தெரு வண்டியில் ஏறி ஸ்பதைனாவில் இறங்க வேண்டும் என்று அவர் வழி சொன்னார்.

"வாரும், ஒருக்கால் போய் வருவம்" என்றேன்.

"வாறன். ஆனால் நான் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டன். நீங்கள்தான் கதைக்கவேணும்."

பத்து மணிக்கு றொன்சஸ்வேல்ஸ் சந்தியில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியும். கரையெல்லாம் உறைந்து கிடந்தது. சீனாவுக்குக் குறுக்கு வழி கண்டுபிடிக்கலாம் என்று நம்பித்தான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் வள்ளம் வலித்தார்களாம். குளிரில் மூக்கு விறைத்து நிற்கும்போது அவர்களுடைய ஆசையை நினைத்துச் சிரிப்பாக இருந்தது.

சிவப்பு ஸ்ட்ரீட்கார் ஒன்று வந்ததும் பாய்ந்து ஏறினேன். ரிக்கற் ஆளுக்கு இருபத்தைந்து சதம். வழியில், கட்டி முடியாமல் நின்ற பெரிய கொங்கிறீட் கோபுரத்தைத் தவமணிக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டு போனேன். ஸ்பதைனாவைக் காணோம். கடைசியில் சாரதியிடம் போய்க் கேட்டேன்.

"இது கிங் தெரு வண்டி. ஸ்பதைனா எப்போதோ போய்விட்டது" என்றார் அவர். அடுத்த சந்தியில் இறக்கிவிட்டு, வடக்கே நடந்து டண்டாஸ் வண்டியில் மேற்கே போகச் சொன்னார்.

யங் தெருவில் காற்று முகத்தில் அறைந்தது. ஆறு கிழமையில் முதல் தரமாகத் தவமணி என்னை நக்கலடித்தாள். "பறங்கி கோட்டைக்குப் போன மாதிரி எல்லோ கூட்டிக்கொண்டு போறியள்."

இந்தச் சொலவடையைச் சிங்களவரிடம் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். பறங்கிகளான போர்த்துக்கீசர் கொழும்பில் வந்து இறங்கியபோது, அரசன் இருந்த கோட்டை என்ற ஊர் பக்கத்தில்தான். ஆனால் கூட்டிப்போனவர்கள் வெகுதூரம் என்று காட்டுவதற்காக நாள் கணக்கில் சுற்றி அழைத்துப் போனார்களாம். உலகத்தின் பாதியைச் சரியாகச் சுற்றி வந்தவர்களுக்குக் கடைசி ஐந்தாறு மைல் தெரியவில்லை. எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

சந்தைக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. கருவாடும் பழமும் பழைய சட்டைகளும் தெருவிலேயே கிடந்தன. ஒகஸ்ரா அவென்யூவில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி. கல்லாவில் ஏறக்குறைய தவமணியின் வயதில் ஒரு பெண்மணி நின்றாள். பெயர் மரியா, போர்த்துக்கீசக்காரி என்று பிறகு தெரிந்தது. சுவர்க் கலண்டரில் பாயில் சிலுவை போட்ட பழைய கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

நான் என் முழு ஆங்கிலத்தையும் பயன்படுத்திப் பாண் கேட்டேன். மரியாவுக்கு என்னைவிடக் குறைந்த ஆங்கிலம். பழுப்பு நிறத் தூள் தூவிய பணிஸ் என்கிற இனிப்பு பன் ஒன்றை எடுத்தாள். தவமணி என் கையைச் சுரண்டினாள்.

"உது வேண்டாம். அந்தப் பாண் போதும் எண்டு சொல்லுங்கோ."

மரியாவின் கை நின்றது. தவமணியைப் பார்த்து, மூக்கால், "பாவ்ங்?" என்றாள்.

"ஓம், பாண்" என்றாள் தவமணி, தன்னை மறந்து.

பிறகு நடந்ததில் எனக்கு இடமில்லை. மரியா மேசையைத் தட்டி "மேசா" என்றாள். இவள் "மேசை" என்றாள். யன்னலைக் காட்டி "ஜனேலா" என்றாள். இவள் "யன்னல்." அலுமாரி, கோப்பை, சப்பாத்து, துவாய் எல்லாம் வந்தன. கடைசியில் மரியா மூலையில் இருந்த கதிரையை இழுத்து முன்னால் போட்டு "கடெய்ரா" என்றாள்.

தவமணி அதில் இருக்கவில்லை. "இதென்ன, கதிரையும் உவையின்ரையோ?" என்று என்னைக் கேட்டாள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் அவர்கள் எங்களிடம் விட்டுப்போன சொற்கள் என்ற உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவளே தேறிவிட்டாள். "எங்களிட்டை இருந்து கொண்டுபோயிருக்கினம். கோயிலை இடிச்ச கல்லிலை கோட்டை கட்டினவைக்குக் கதிரை தூக்கிறது பெரிய வேலையோ?" என்று சொல்லிவிட்டு, தன் சொத்தில் உட்காருகிறவள்போல உட்கார்ந்தாள். நான் பாணுக்குக் காசை எண்ணத் தொடங்கினேன். கலியாணம் கட்டியவர்களுக்குக் காரணம் தெரியும்.

மரியா கலண்டர்க் கப்பலைக் காட்டி "இந்தியா?" என்றாள். "சிலோன்" என்றேன். "செய்லாவ்ங்!" என்று கைதட்டிவிட்டு, அந்தப் பணிஸை மறுபடி எடுத்து, அதன் தூளைத் தவமணியின் மூக்கடியில் நீட்டினாள். கறுவாப் பட்டைத் தூள். இதற்காகத்தானே அந்தக் கப்பல்கள் புறப்பட்டன. தவமணி மோந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. இந்தத் தரம் பணிஸை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் சிகரெட் பிடிக்க வெளியே வந்தேன். கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தால், இவள் தமிழிலும் அவள் போர்த்துக்கீசிலும் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மரியா மணிக்கூட்டைக் காட்டினாள், விரல் மடித்தாள், ஏப்ரனைக் காட்டினாள். என் மனைவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பழைய தவமணியைப் பார்க்கிறேன். சந்தோசத்தில் சிகரெட்டைப் பற்றவைக்கவே மறந்துவிட்டேன்.

திரும்பும்போது வழி தவறவில்லை. குவீன் வண்டியில் இடம் கிடைத்தது. சூடான பாணை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள், "திங்கட்கிழமையிலை இருந்து காலமையிலை வேலைக்கு வரட்டாம்."

"எந்தப் பாஷையிலை சொன்னவ?"

"ஆருக்குத் தெரியும்? எனக்கு விளங்கினது."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இனிச் சித்திரையைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

இதைக் கேட்கத்தானே அவளை அழைத்துப் போனேன். ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. அவள் ஊருக்குப் போகவேண்டும் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், எனக்காகவும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு நானும் போய் இறங்கியிருக்கலாம். என்னிடம் இருந்த ஒரே சாட்டு அதுதான். அந்தக் கப்பல்களில் போனவர்களிலும், திரும்பி வரவே எண்ணிப் புறப்பட்டு, யாரோ ஒருத்தி ஓம் என்று சொன்னதால் போன இடத்திலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

வண்டி பார்க்டேலுக்குள் நுழைந்தது. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன, மூக்கை உறிஞ்சிறியள்? குளிருக்குத் தடிமனோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.