பதினொரு பேர் சரியாக இருந்தார்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு கால் விடுபட்டாலும் ஒரு புள்ளி கூடினாலும் என் கண்ணில் பட்டுவிடும். அதுதான் என் பிழைப்பு. இதில் நான் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. நேரங்கள் எல்லாம் போலீஸில் வாக்குமூலம் கொடுப்பதற்காக அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்தவை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாடப்புத்தக வேலை முடிந்திருந்த நேரம். இரண்டு மாதம் எல்லோரும் இரட்டை ஷிப்ட் பார்த்து ஓய்ந்து போயிருந்தோம். ஒரு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று பேச்சு வந்தது. கடற்கரை என்றார்கள், அணைக்கட்டு என்றார்கள், கடைசியில் மலை என்று முடிவானது. காலையில் கிளம்பி இரவு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மேனேஜர் தலையாட்டினார், தானும் வருவதாகச் சொன்னார். “நீதான் பொறுமையா உக்காந்து எழுதுவே, லிஸ்ட்டை நீயே போடு” என்று எல்லாப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பன்னிரண்டு சீட் வேன் ஒன்றை வாடகைக்குப் பேசினேன். நாங்கள் பதினொரு பேர். யார் எங்கே உட்காருவது என்பதில்தான் பெரிய சண்டை. டிசைனர் பெண்ணுக்கு வளைவு என்றாலே குமட்டும், முன்னால் வேண்டும். காகிதம் வெட்டும் மெஷினில் இருப்பவனும் முன் சீட்தான் கேட்டான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தகரடப்பா. அவன் பேச ஆரம்பித்தால் மெஷின் சத்தம் கேட்காது. “நீ முன்னாடி உக்காந்தா டிரைவர் பாதியிலேயே எறங்கி ஓடிருவான்டா” என்று சொல்லி அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளினோம்.

பைண்டர் அண்ணன் மட்டும் வரவில்லை என்றார். பத்தொன்பது வருடம் அந்த அச்சகத்தில் புத்தகம் கட்டியவர். விரல் இடுக்கில் எப்போதும் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். காகிதத் தூசி தந்த இருமல் ஒன்று உண்டு, அதை வைத்தே அவர் வருவது எங்களுக்குத் தெரிந்துவிடும். மலையை அவர் பார்த்ததே இல்லை.

“மலை எங்கயும் ஓடிப்போயிடாது தம்பி. நீங்க போயிட்டு வாங்க.”

“அண்ணே, நீங்களும் அண்ணியும் வரலேன்னா இந்த லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுருவேன்” என்றேன்.

சிரித்துக்கொண்டே சரி என்றார். இன்று வரை அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடுவதில்லை.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, மதியச் சாப்பாடு சொல்லியிருந்த மலை மேல் மெஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

“பன்னெண்டு சாப்பாடுதானே?” என்றார் மெஸ்காரர்.

“பதினொன்னுன்னு சொன்னேனே.”

“நேத்து உங்க ஆளு கூப்பிட்டு பன்னெண்டுன்னு மாத்தினாரே!”

எங்களில் யாரும் கூப்பிடவில்லை. தகரடப்பாவின் குசும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேன் உரிமையாளரைப் பார்க்கப் போனால் அவரும் அதேபோல ஒன்று சொன்னார். “உங்க ஆளு ஒருத்தர் பேசினாரு. கடைசி வரிசையில ஜன்னலோர சீட்டு அவருக்கு வேணுமாம். ஒரே காத்து இரைச்சல், மத்தது ஒன்னும் சரியா கேக்கல.”

“எந்த நம்பர்லருந்து?”

தன் போனை எடுத்துத் தேடினார். வெகுநேரம் தேடினார். அப்படி ஓர் அழைப்பே அதில் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள். மாலை 6.20. அச்சகத்தில் நான் மட்டும் இருந்தேன். மேனேஜர் மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்தேன். காற்று… பெரிய வெட்டவெளியில் வீசுகிற காற்று. அதற்குள் ஓர் ஆண் குரல்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?”

மெஸ்காரர் என்று நினைத்தேன். “மதியம் ஒரு மணிக்குள்ள வந்துருவோம்.”

“வெளிச்சம் போறதுக்கு முன்னாடி வந்துருங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை 5.05க்குக் கிளம்பினோம். பாட்டும் கூத்துமாக மலை ஏறினோம். அண்ணி முன் வரிசையில் டிசைனர் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் தகரடப்பா, ஒரு மெஷின்காரர், பைண்டர் அண்ணன். ஜன்னலோர மூலை சீட் காலி. அதில் பைகளை அடுக்கியிருந்தோம். அண்ணன் ஒரு குழந்தையைப் போல ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்தார்.

மெஸ்ஸில் பன்னிரண்டு தட்டு வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது தட்டில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது பார்த்தேன். அதன் பக்கத்து டம்ளரில் ஊற்றியிருந்த தண்ணீர் இல்லை. சுத்தமாகக் காலி. யாராவது எடுத்துக் குடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தானே நினைப்போம்?

திரும்பும் வழியில் ஒரு பார்வை முனை. 3.50க்கு இறங்கினோம். இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. படம் எடுத்தோம். பத்து நிமிடத்தில் பனி இறங்கியது. கைநீட்டினால் விரல் தெரியவில்லை. “எல்லாரும் ஏறுங்க, ஏறுங்க!” என்று டிரைவர் கத்தினார்.

ஆள் எண்ணுவது என் வேலை.

வேன் கதவில் நின்று எண்ணினேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே மங்கலாக இருந்தது. குளிருக்கு எல்லோரும் தலையோடு போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று.

கடைசி வரிசையில் மூன்று பேர். பைகள் கீழே இறங்கியிருந்தன. மூலை சீட்டில் போர்வை போர்த்திய ஆள், தலையைக் குனிந்தபடி.

“என்ன அண்ணே, தூக்கமா?” என்றேன்.

அந்தத் தலை மெதுவாக ஆடியது… ஆமாம் என்பது போல.

“போலாம் ரைட்” என்றேன். மணி 4.12.

வேனுக்குள் யாரும் பாடவில்லை. ஏனென்று தெரியவில்லை. குளிர் மட்டும் கூடிக்கொண்டே போனது. எல்லா ஜன்னலும் மூடித்தான் இருந்தன.

4.34.

அண்ணி ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, பாதியைப் பின்னால் நீட்டினார். “அவர்கிட்ட குடுங்க.”

பழம் கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. அப்படியே திரும்பி வந்தது.

“அண்ணன் இங்க இல்லையே அண்ணி… முன்னாடிதானே உக்காந்திருக்காரு?” என்றான் தகரடப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மூலை சீட் காலி.

போர்வை மட்டும் இருந்தது. மடித்து வைத்திருந்தது.

“டேய், உன் பக்கத்துல ஒருத்தர் இருந்தாரேடா?” என்றேன்.

தகரடப்பாவின் வாய் கோணியது. அவன் அப்படிச் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

“என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டுதான் வந்தாரு… நான் மெஷின் அண்ணன்னு நெனச்சேன்.”

மெஷின்காரர் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அவனுடைய இடது தோள் ஈரமாக இருந்தது.

சொட்டச் சொட்ட.

அண்ணி கத்தினார். “வண்டியத் திருப்புங்க!”

5.02க்குப் பார்வை முனைக்குத் திரும்பினோம். பனி விலகவில்லை. கூப்பிட்டோம். டார்ச் அடித்தோம். பள்ளத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கத்தினோம்.

கம்பி வேலிக்கு அருகில் அண்ணனின் செருப்புகள். ஜோடியாக. வீட்டு வாசலில் கழற்றி வைத்ததுபோல.

வேறு எதுவும் இல்லை.

வனக் காவலர்கள் வந்தார்கள். பிறகு போலீஸ். இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. விடிந்துதான் கீழே இறங்கித் தேட முடியும் என்றார்கள். வயதான காவலர் ஒருவர் என்னைக் கேட்டார்.

“ஆளை எண்ணாமலா கெளம்புனீங்க?”

“ரெண்டு தடவை எண்ணினேன் சார். பதினொரு பேர் சரியா இருந்தாங்க.”

அவர் டார்ச்சை என் முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

“எட்டு வருஷம் முன்னாடி இதே எடத்துல ஒருத்தரை விட்டுட்டுப் போனாங்க. ஒரு வேன் கூட்டம். அவங்களும் இதையேதான் சொன்னாங்க.”

“அவரு… கெடச்சாரா?”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

9.30க்கு எங்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள். அண்ணியை நானும் டிசைனர் பெண்ணும் தூக்காத குறையாக வேனில் ஏற்றினோம். இந்த முறை நான் ஆள் எண்ணவில்லை. எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையில் யாரும் உட்கார மாட்டோம் என்றார்கள். எல்லோரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வழி நெடுக யாரும் பின்னால் திரும்பவில்லை.

நான்கு நாள் தேடினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேன் டிரைவரைத் தெருவில் பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வேன் ஓட்டுவதை விட்டுவிட்டானாம். டீக்கடையில் உட்கார வைத்து, ஏன் என்று கேட்டேன்.

“சார், அன்னிக்கு ராத்திரி உங்க எல்லாரையும் வீடு வீடா எறக்கி விட்டேன்ல? பத்து பேர். கடைசியா மேனேஜர் எறங்கினாரு. வண்டியைத் திருப்பறேன்… பின்னாடியிருந்து ‘என்னை ரயில்வே கேட்டுகிட்ட எறக்கி விட்டுருங்க’ன்னு ஒரு குரல்.”

டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தான்.

“உங்க ஆளுங்கள்ல யாரோ தூங்கிட்டாங்கன்னு நெனச்சு எறக்கி விட்டேன் சார். மொகம் பாக்கல. எறங்கி நின்னு ரெண்டு பக்கமும் பாத்தாரு. ‘வழியே மறந்து போச்சு, வீட்டுக்குப் போயி எட்டு வருஷம் ஆச்சு’ன்னாரு. கேட்டைத் தாண்டி நடந்து போனாரு.”

இதை நான் அண்ணியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

சொல்லிவிட்டேன். கணவருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் தினமும் வாசலில் நிற்கிற பெண்ணிடம் எதை மறைப்பது? அண்ணி அழவில்லை. அசையாமல் கேட்டார்.

“அப்போ அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டாரா?”

“தெரியல அண்ணி.”

“உங்க அண்ணன் அங்க நின்னதாலதானே அவரால வர முடிஞ்சுது?”

எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த திங்கள் காலை. அச்சகத்துக்கு வந்தார். பல நாளுக்குப் பிறகு தலைவாரி, முகம் கழுவி, தெளிவாக இருந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“வேன் பேசிட்டேன் தம்பி. வர்ற ஞாயித்துக்கெழமை. என் அண்ணன், மதினி எல்லாரும் வர்றாங்க. நீயும் வரணும்.”

“எதுக்கு அண்ணி மறுபடி அங்க?”

என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. சொந்தத் தம்பியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“உனக்குத்தான் வீட்ல காத்துக்கிட்டிருக்க யாரும் இல்லையேப்பா…”

கையை உருவிக்கொண்டு எழுந்தேன். அன்று மாலையே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் வேலையை விடுவதாகச் சொல்ல மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

“தகரடப்பா உனக்கு எதாவது போன் பண்ணினானா?”

“இல்லையே சார்.”

“பைண்டர் வீட்டம்மாவோட ஞாயித்துக்கெழமை மலைக்குப் போயிருக்கான். இன்னும் வேலைக்கு வரல. அவங்க அம்மா இங்க வந்து உக்காந்து அழறாங்க. அந்தம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். கூடத்தான் வந்தான், பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டான்னு சொன்னாங்க. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினாங்க. உள்ள விடல.”

“ஏன் சார்?”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள ஒரு ஆம்பள இருமினான்டா.”

“யாரு சார்?”

“எனக்கு அந்த இருமல் நல்லாத் தெரியும்” என்றார் மேனேஜர். போனை வைத்துவிட்டார்.