நான் டிக் போடாத கட்டம்

கண்ணாடிக் கதவை உடைத்தது நான்தான். போலீஸில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அறுபத்து மூன்று வயது, அயர்ன் பண்ணிய சட்டை, பையில் இரண்டு பேனா. இரும்புக்கால் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடியில் கதவு நொறுங்கியது. அந்தப் பக்கம் நின்ற செக்யூரிட்டிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து ரத்தம் கொட்டியது.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு திடல். அதன் ஓரத்தில், பிளாட்டே அக்கா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அக்கா தோசைக் கடை போட்டிருந்தார். கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு அந்தக் கடையை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. திடலில் முப்பது மாடிக் கட்டடம் வரப்போகிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று நகர மன்றம் போர்டு வைத்தது.

எங்கள் பிளாட்டில் எந்த ஃபாரமாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். மலாய் மொழியில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. கீழே மேசை போட்டு நாற்பது ஃபாரத்தை ஒரே மூச்சில் எழுதினேன். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: நேரில் வந்து பேச விரும்புகிறீர்களா? லீவு போட்டு இவர்கள் எங்கே வரப்போகிறார்கள், வந்தாலும் என்ன பேசத் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் ஃபாரத்தில் மட்டும் டிக் போட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நகர மன்றத்தில் ஆட்சேபங்களைக் கேட்கும் விசாரணை நாளன்று அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். பேச வேண்டியதை நோட்டுத் தாளில் மலாயில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். வாசலில், பக்கத்து ஊர் காப்பாரைச் சேர்ந்த செக்யூரிட்டி லிஸ்டைப் பார்த்தார்.

"அக்கா, உங்க பேரு இல்ல. அங்கிள் பேரு மட்டும்தான் இருக்கு."

"எப்படி இல்லாமப் போகும்? ஃபாரம் கொடுத்தேனே!"

"கொடுத்திருப்பீங்க. பேசணும்னு டிக் பண்ணியிருக்க மாட்டீங்க லா. நான் என்ன செய்றது, அவங்க கொடுத்த லிஸ்ட் இது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க போடலையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "போட்டேன். இவன் சும்மா கதை விடுறான்," என்றேன்.

என் பேச்சை நம்பி அக்கா உள்ளே நுழையப் பார்த்தார். செக்யூரிட்டி கதவை இழுத்துச் சாத்தினார். அக்காவின் வலது கை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கையை உருவியபோது இரண்டு விரலில் நகம் இல்லை, தாள் முழுக்க ரத்தம். அதன் பிறகுதான் நாற்காலியைத் தூக்கினேன். செக்யூரிட்டி மேல்தான் கோபம் என்று நினைத்தேன். என் மேல் இருந்த கோபத்துக்கு அந்த மனிதனின் கை கிழிந்தது.

விசாரணைக் குழு பின்வாசல் வழியாகப் போய்விட்டது. பேச அழைக்கப்பட்ட ஒரே ஆளான நான் லோக்கப்பில் இருந்தேன். நேரில் பேச யாரும் வரவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கட்டுப் போடாத கையால் ஓங்கி அறைந்தார். பிளாட்டே வேடிக்கை பார்த்தது. வலித்தது, ஆனால் வாங்க வேண்டிய அடிதான்.

இப்போது திடலில் அஸ்திவாரத் தூண்களை இறக்க பைலிங் அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் எங்கள் ஜன்னல்கள் அதிர்கின்றன. அக்கா கடையை முன்பக்க நடைபாதைக்கு மாற்றிவிட்டார். போன மாதம் அங்கேயும் போர்டு வந்தது, சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். பழக்கதோஷத்தில் மறுபடியும் கீழே மேசை போட்டு உட்கார்ந்தேன். அக்காதான் முதலில் வந்தார்.

"ஃபாரத்தைக் கொடுங்க அண்ணே. நானே எழுதிக்கிறேன்."

என் பேனாவை வாங்கினார். நகம் சரியாக வளராத விரல்களால் கோணலாகப் பிடித்துக்கொண்டு, பெயரைக்கூட எழுதாமல், முதலில் அந்தக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார். முழுவதும் எழுதி முடித்ததும் பேனாவை என்னிடம் திருப்பித் தரவில்லை. பின்னால் நின்றவரிடம் கொடுத்தார்.