பெண் பார்க்க வந்தவரிடம் சளி கேட்டவள்

என் மகள் ஆப்பிரிக்காவிலிருந்து காசநோயைக் கொண்டுவந்து சிதம்பரத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்று எங்கள் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வரை இந்தப் பேச்சு இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். நான் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது என்று மகளின் உத்தரவு. யார் பெயரும் இல்லாமல் எழுதிக்கொள்ள மட்டும் சம்மதித்திருக்கிறாள்.

அவள் வேலை செய்வது சாம்பியாவில். ஆப்பிரிக்கா என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள் என்பாள் என் மனைவி. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். ஒரு கண்டத்தை நாடு என்று சொல்ல வாய் வராது. சரியாகச் சொன்னால், "அது சோமாலியா பக்கமா சார்?" என்று அடுத்த கேள்வி வரும். காசநோய் எந்த மாதிரி இடங்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்று அங்கே ஒரு குழுவோடு சேர்ந்து ஆராய்கிறாள். கையில் செல்போன் அளவுக்கு ஒரு கருவி. மூடிய இடத்தில் மனிதர்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். அதை வைத்துக்கொண்டு நெரிசலான வேன்களிலும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களிலும், சாராயக் கடைகளிலும் உட்கார்ந்திருப்பாள். எம்.பி.பி.எஸ். படிக்க வைத்த பெண் சாராயக் கடையில் காற்றை அளக்கிறாள் என்பதை நான் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

இந்த முறை விடுப்பில் வந்தபோது அந்தக் கருவியும் வந்தது. சிதம்பரம் போகும் ஏசி பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் படுக்கையறையில் வைத்துப் பார்த்தாள். கொசுவுக்காக ஜன்னலை அடைத்து, இடுக்கில் துணி செருகியிருப்போம். சாம்பியாவில் அவள் அளந்த ஜெயிலே பரவாயில்லை என்றாள். நாங்கள் மூடிய ஜன்னலை அவள் திறப்பதும், அவள் திறந்ததை நாங்கள் மூடுவதுமாக விடுப்பு கழிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் நெல்லிக்குப்பத்திலிருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, சிதம்பரத்து வரனைக் கொண்டுவந்தார். பையனுக்குப் பெங்களூரில் வேலை. அப்பாவுக்குப் பாத்திரக் கடை. எங்கள் பெண்ணுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டில் தனியாக இருக்கிறாள் என்று கேட்டதுமே பல பேர் பின்வாங்கியிருந்தார்கள். இவர்கள் பின்வாங்கவில்லை. என் மனைவி அதற்காகவே அவர்களைக் கும்பிடத் தயாராக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, கைக்குழந்தையோடு அவன் அக்கா. கூடத்தில் புதிதாக ஏசி போட்டிருந்தோம். அவர்கள் உட்கார்ந்து சற்று நேரத்தில் பையனின் அப்பா இருமினார். கைக்குட்டையை வாயில் வைத்து, பாதி விழுங்கி, மறுபடி இருமினார். பேரக் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. காபித் தட்டோடு வந்த என் மகள் தட்டைக் கீழே வைத்ததும் போய் இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள். ஏசியை நிறுத்தினாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.

இருமல் எவ்வளவு நாளாக என்று அவரிடம் கேட்டாள். அவருக்குச் சந்தோஷம். வரப்போகும் மருமகள் டாக்டர், உடம்பை விசாரிக்கிறாள். மூன்று மாதமாக இருக்கிறது, கடைத் தூசிதான் என்றார். ராத்திரி வேர்க்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்றாள். பேன்ட் நிற்கமாட்டேன் என்கிறது என்று பெல்ட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"அங்கிள், நாளைக்கே சளி டெஸ்ட் குடுத்துடுங்க. விடியக்காலைல எழுந்ததும் வர்ற சளி. எச்சில் இல்ல, நெஞ்சுலேர்ந்து வரணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்பாவத் தூக்க வேணாம்."

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனின் அம்மா கிண்ணத்தை டீபாயில் வைத்தார். அக்கா எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எதையும் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது பையனின் அம்மா என் மனைவியிடம், "பொண்ணு பாக்க வந்தோம். நீங்க எங்களப் பாத்துட்டீங்க" என்றார்.

மச்சான் அன்று சாயங்காலமே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். "சளியாம் மாமா, சளி. காரைக்கால் வரைக்கும் அலைஞ்சு புடிச்ச எடம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். என் மனைவி மகளோடு பேசுவதை நிறுத்தினாள். மகளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. அந்த ஆள் சளி கொடுத்தாரா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொடுத்திருந்தார். குழந்தையின் அம்மா பிடிவாதம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். காசநோய் என்று வந்தது. பையனே என் மகளுக்குப் போன் செய்து சொன்னான். வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், குழந்தைக்கு நோய் இல்லாவிட்டாலும் வராமலிருக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அவள் நெடுநேரம் விளக்கினாள். நல்லது, முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மச்சான் நேரில் வந்தார். பாத்திரக் கடைக்காரர் கடைக்கு வராததற்கு வீட்டார் ஒரு காரணம் சொல்கிறார்களாம். கடலூரில் பெண் பார்க்கப் போனோம், பெண் ஆப்பிரிக்காவில் காசநோய்க்காரர்களோடு இருக்கிறவளாம், திரும்பி வந்ததிலிருந்து இவருக்கு நெஞ்சுச் சளி, நல்ல வேளை அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றோம்.

மூன்று மாத இருமலோடு வந்த மனிதர், எங்கள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில் நோய் பிடித்துக்கொண்டதாம். சட்டையை மாட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். கடை வாசலில் நின்று, வரும்போதே இருமிக்கொண்டுதான் வந்தார் என்று நாலு பேர் கேட்கச் சொல்வது என்று முடிவு. மகள் வாசல்படியில் நின்றாள்.

"போவாதீங்கப்பா. ஊருக்குத் தெரிஞ்சா மாத்திரை வாங்கப் போறத நிறுத்திடுவாரு. கடையில கூட்டம் கொறைஞ்சா கண்டிப்பா நிறுத்துவாரு. அந்தப் பாப்பா அதே வீட்டுலதான் இருக்கு."

அவர் மானத்துக்கு உன் மானமா என்று கத்தினேன். உனக்கு அந்த நோய் இல்லை, வந்ததே இல்லை என்றாவது சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

"அதச் சொல்லாதீங்க. எனக்கு வந்துது. போன வருஷத்துக்கு மொத வருஷம். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். சரியாயிடுச்சு. என்கிட்டேர்ந்து இப்ப யாருக்கும் வராது."

மச்சான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவரை அறியாமலேதான் செய்தார், ஆனால் நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அந்த வருடம் அவள் வீடியோவில் வரவேயில்லை. நெட் சரியில்லை என்பாள். ஒருமுறை ஒரு போட்டோ அனுப்பினாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய. இளைத்து அழகாகிவிட்டாய், இப்படியே இரு, கல்யாணத்துக்கு நல்லது என்று என் மனைவி சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். அது இப்போதும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அங்கே அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மாதான் பார்த்துக்கொண்டாராம். காலையில் கதவைத் தட்டி, மாத்திரை வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா வேலைக்குப் போவாராம். வாந்தி எடுத்த நாளில் சோளமாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாராம்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று என் மனைவி கேட்டாள். பல நாள் கழித்து அவளோடு பேசிய முதல் வார்த்தை.

"சொன்னா என்னா பண்ணியிருப்பீங்க?"

"ஒடனே இங்க வரச் சொல்லியிருப்போம்."

"வரச் சொல்லி?"

"யாருக்கும் தெரியாம பாத்திருப்போம்."

"அதான்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சட்டையைக் கழற்றினேன். மச்சானிடம் வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். அவர் சத்தியத்தின் மதிப்பு எங்களுக்குத் தெரியும். விடுப்பு முடிந்து மகள் போய்விட்டாள். பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அவள் போன பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன் வந்தது. பாத்திரக் கடைக்காரர். குரலை ஒடுக்கி, "சார், ஒண்ணுக்கு செவப்பா போவுது. பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன். அங்கே நர்ஸம்மா கடைக்கு வருகிறவர், ஜாஸ்தி பேச முடியவில்லை என்றார். உலகத்திலேயே இந்த மனிதர் தன் நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரே வெளி வீடு எங்கள் வீடு. அதை அவரே அப்படி ஆக்கிவைத்திருக்கிறார். மாத்திரையால் அந்த நிறம் வரும், பயப்பட வேண்டாம் என்று மகள் போகும் முன் சொல்லித்தந்ததைச் சொன்னேன். ஊரில் பேசுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சரி சார் என்று வைத்துவிட்டார்.

பிறகு பசி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார். பிறகு பசி தாங்கவில்லை என்று கூப்பிட்டார். இரண்டாவது மாதம், இருமல் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றார்.

"நிறுத்துனீங்கன்னா நானே கடைக்கு வந்து மைக் வெச்சு சொல்லுவேன்" என்றேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பொண்ணு மாதிரியே பேசறீங்க சார்" என்றார். கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் நான்தான் அவரைக் கூப்பிடுகிறேன், வீடியோவில். என் மனைவிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. பாத்திரங்களை உருட்டிக்கொண்டு எதிரே நடப்பாள். அவர் சலித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். என் பெண்ணின் பெயரைக் கெடுத்த வாய் அது. அதைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

"குழந்தைக்குக் குடுத்தாச்சா?"

"குடுத்தோம் சார், துப்பிட்டுது" என்கிறார். "இருங்க, மறுபடியும் குடுக்கறாங்க. வெச்சிடாதீங்க."

நான் வைக்கவில்லை.